பழைய வேனுக்கு நியாய விலை பேசுவது எப்படி?

அத்தியாயம் 6

பென்னாகரம் வட்டாரத்தில் வேன் வாங்க நினைப்பவர்கள் இரண்டு வகை. கோயில், மலை, அருவி என்று குடும்பத்தோடு சுற்றிவரச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பவர்கள் ஒரு வகை. ஒகேனக்கல்லுக்கு வரும் பயணிகளை நம்பி வண்டி ஓட்டிப் பிழைக்க நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பிலும் பெரும்பாலோர் கைக்கு எட்டிய பழைய வண்டியைத்தான் தேடுகிறார்கள். அதற்குப் போடுவது பல ஆண்டுச் சேமிப்பு. சில வீடுகளில் அடகு வைத்த நகை. விலை பேசத் தெரியாமல் ஐம்பதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்கப் பல சீசன் ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரே விதிதான். காரணம் இல்லாமல் ஒரு ரூபாயும் குறைத்துக் கேட்காதீர்கள்; காரணம் இருந்தால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். "பாதி விலைக்குக் கேள், அப்புறம் ஏறிக்கொள்ளலாம்" என்று சொல்லித் தருபவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அப்படிக் கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார். நல்ல வண்டி கைநழுவிப் போகும். டயரையும் கிளட்சையும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றையும் கணக்காகக் காட்டிக் குறைத்தால் அவராலும் மறுக்க முடியாது. இனி வருவதெல்லாம் அந்தக் காரணங்களைச் சேர்க்கும் வழிகள்.

1. முதலில் எந்த போர்டு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறம். ஆனாலும் சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு வண்டிக்கு ஒரு விலை, வாடகைக்கு ஓடும் டி போர்டு வண்டிக்கு வேறொரு விலை. வாடகைக்கு ஓடிய வண்டி அதிகக் கிலோமீட்டர் பார்த்திருக்கும், பல டிரைவர்கள் கைப்பட்டிருக்கும். அதனால் டி போர்டு வண்டி மலிவாகத் தெரியும்.

குடும்பத்துக்கு வாங்குபவர்கள் இந்த மலிவில் மயங்க வேண்டாம். டி போர்டை ஓன் போர்டாக மாற்ற, பெர்மிட்டை ஒப்படைத்து, வகை மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, வரி வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். அந்தச் செலவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

தொழிலுக்கு வாங்குபவர்கள் இருக்கை எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவர் நீங்கலாக 6 பேருக்கு மேல் 12 பேர் வரை வாடகைக்கு ஏற்றும் வண்டி மேக்ஸி கேப். 12 இருக்கைக்கு ஆர்.சி. இருக்க, உள்ளே கூடுதலாக ஒரு பெஞ்சு போட்டு "15 பேர் போகலாம் தம்பி" என்று சொல்லி விற்பார்கள். அந்தப் பெஞ்சுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். அதைக் கழற்றினால்தான் எஃப்.சி. கிடைக்கும்.

படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி வைத்து காரவான் போல மாற்றிய வேன்களும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. தயாரிப்பு நிறுவனத்தின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஆர்.சி.யில் வண்டியின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். காரவான் என்று பதிவாகியிருந்தால் உள் வேலைக்கு விலை கொடுக்கலாம். சாதாரண வேன் என்றே இருந்தால், விற்பவர் லட்சக்கணக்கில் செலவு செய்திருந்தாலும் உங்களுக்கு அது சாதாரண வேன்தான். பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் நீங்கள் கழிக்க வேண்டும்.

2. பேச்சுக்கு முன் மூன்று எண்கள்

விற்பவர் சொல்லும் விலையிலிருந்து பேச ஆரம்பித்தால் கடைசி வரை அதைச் சுற்றியேதான் பேசிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கென்று ஓர் எண் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க மூன்று எண்கள் போதும்.

முதல் எண், அதே வண்டியின் இன்றைய புது விலை. விற்பவர் தான் வாங்கிய அன்றைய விலையை மனதில் வைத்திருப்பார். 2025 செப்டம்பர் 22 முதல் பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏற்றும் வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மாருதி ஈக்கோ போன்ற சிறு வண்டிகளுக்கும் 18 சதவீதம்தான். புது வண்டி விலை இறங்கும்போது பழைய வண்டியின் விலையும் இறங்கியாக வேண்டும். ஷோரூமில் இன்றைய விலைப் பட்டியல் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எண், இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பு. இதற்கு நாடு முழுவதும் ஒரே தேய்மானக் கணக்கு உண்டு. ஒரு வருடம் தாண்டி இரண்டுக்குள் 20 சதவீதம், மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் போன வண்டிக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பு வைக்கிறார்கள். சந்தை விலை ஐ.டி.வி.க்குச் சற்று மேலோ கீழோ இருக்கலாம். ஆனால் பாலிசியில் நாலு லட்சம் மதிப்பு வைத்த வண்டிக்கு ஆறு லட்சம் கேட்டால், அந்த இரண்டு லட்சம் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது எண், அதே மாடல், அதே வருட வண்டிகள் உண்மையில் விலை போன தொகை. விளம்பரத்தில் போடுவது கேட்கும் விலை, கைமாறிய விலை இல்லை. தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நாலு ஊரிலாவது விசாரியுங்கள். வேன் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே கேட்டால், யார் வண்டி என்ன விலைக்குப் போனது என்று டிரைவர்களே சொல்வார்கள்.

3. ஆவணங்களைப் பார்த்து என்ன கழிக்கலாம்?

வண்டியைத் தொடுவதற்கு முன் நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை இருக்கிறது, வரி கட்டியிருக்கிறதா, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அபராதம் இருந்தால் அதை விற்பவர் தீர்க்க வேண்டும், அல்லது விலையில் கழிக்க வேண்டும்.

எஃப்.சி. ஒரு பெரிய காரணம். டி போர்டு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினால் போதும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். டிங்கரிங், பட்டி, பெயிண்ட், லைட், டயர் என்று ஒவ்வொரு முறையும் செலவு உண்டு. ஒன்பது வருட வண்டியின் எஃப்.சி. அடுத்த மாதம் முடிகிறது என்றால், விற்பவர் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று பொருள். ஓன் போர்டு வண்டியில் பார்க்க வேண்டியது 15 ஆண்டு. அதன்பின் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும்; புதுப்பித்தால் ஐந்து ஆண்டு செல்லும்.

ஆர்.சி.யில் ஹெச்.பி. என்கிற கடன் பதிவு இருந்தால், கடனை முடித்து வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ தரும் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். "கடன் எல்லாம் முடிஞ்சு போச்சு, லெட்டர் மட்டும்தான் வரணும்" என்ற பேச்சுக்குப் பணம் தராதீர்கள்.

நம் பக்கம் கே.ஏ. நம்பர் வண்டிகள் நிறைய வருகின்றன. பெங்களூரில் வாங்கியதால் மலிவு என்பார்கள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே வரி, புதுப் பதிவுச் செலவு, பல நாள் அலைச்சல். இத்தனையையும் கூட்டிய பிறகும் உள்ளூர் டி.என். 29 வண்டியைவிட மலிவாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

கடைசியாக, முன்னால் நிற்பவர்தான் ஆர்.சி.யில் இருப்பவரா என்று பாருங்கள். படிவம் 29, 30-ல் முதல் உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கிவைத்து, பெயர் மாற்றாமல் மூன்று நான்கு கை மாறிய வண்டிகள் உண்டு. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் இந்த வண்டி வேண்டாம். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்துவிட்டது. டீலரிடம் வாங்கினால் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

4. ஒகேனக்கல் சாலையில் ஒரு சோதனை

வண்டியைச் சோதிக்க நம் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குக் காட்டு வழியே இறங்கும் மலைச் சாலை அது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்த்தால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏற்றமும் இறக்கமும்தான் அதன் குறைகளை வெளியே கொண்டுவரும்.

காலையில் போங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். போனதும் எஞ்சின் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். மிதந்தால் ஹெட் வேலை காத்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்தினால் குபுகுபுவென்று காற்றும் புகையும் தள்ளுகிறதா? மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். ஐந்தாறு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கைக் கவனியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் வரவர ஆழமாகப் போகிறதா, லைனிங் கருகும் வாசனை வருகிறதா? கீழே போனதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

ஏறும்போது எஞ்சினையும் கிளட்சையும் கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். வெப்ப முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரிலோ வாட்டர் பம்பிலோ வேலை இருக்கிறது. பின்னால் ஒருவரை உட்கார வைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது; விடாமல் கறுப்புப் புகை வந்தால் டீசல் பம்ப், இன்ஜெக்டர் பக்கம் செலவு உண்டு.

ஆட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வது போல, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்து டயர் வயதைச் சொல்லிவிடலாம். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் வயதான டயர் வயதான டயர்தான்.

கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துருவும் உலர்ந்த சேறும் இருக்கிறதா பாருங்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. வெள்ளம் பார்த்த வண்டியில் மின் இணைப்புக் கோளாறு எப்போது எங்கே தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தனையும் பார்க்க உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவர் கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவர் பக்கமிருந்து கமிஷன் வாங்குபவரால் உங்களுக்கு உண்மை சொல்ல முடியாது. புரோக்கர் இருந்தால் அவருக்கு யார் எவ்வளவு தருவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

5. கணக்கைத் தாளில் போடுங்கள்

பார்த்ததையெல்லாம் ரூபாயாக மாற்ற வேண்டும். கீழே இருப்பது எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்கள் வண்டிக்கு உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர் 12 இருக்கை டி போர்டு வேனுக்கு 5,80,000 ரூபாய் கேட்கிறார். நல்ல நிலையில், ஆவணங்கள் நடப்பில் உள்ள அதே வருட வண்டி 5,40,000-க்குக் கைமாறுகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறீர்கள். கழிக்க வேண்டியவை:

- நான்கு டயர்: 28,000
- கிளட்ச் வேலை: 16,000
- அடுத்த மாதம் முடியும் இன்சூரன்ஸ்: 36,000
- எஃப்.சி.க்கு டிங்கரிங், பெயிண்ட்: 20,000

மொத்தம் ஒரு லட்சம். ஆகவே நியாய விலை 4,40,000. இதுதான் உங்கள் மேல் எல்லை. முதலில் 4,15,000 கேட்கலாம். இடையில் இருக்கும் 25,000 பேச்சுக்கான இடம். எல்லையை வீட்டிலேயே முடிவு செய்து, மனைவியோ கணவரோ கூட வருபவரோ ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வண்டியைப் பார்த்த ஆசையில் எல்லை தாண்டும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்துவார்.

6. எப்படிப் பேசுவது?

வண்டியை மட்டம் தட்டாதீர்கள். விற்பவர் அதை வைத்துப் பிழைத்திருக்கிறார், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டுக் கணக்கை எடுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, வண்டி எங்களுக்குப் புடிச்சிருக்கு. எஞ்சின நல்லா வெச்சிருக்கீங்க. ஆனா நீங்க சொல்ற வெலைக்கு வர முடியலீங்க. ஏன்னு இந்தக் கணக்க நீங்களே பாருங்க."

"தம்பி, போன வருஷந்தான் சீட்டெல்லாம் புதுசா தெச்சேன். அதுக்கே எவ்வளவு ஆச்சு தெரியுமா?"

"சீட்டு நல்லாத்தான் இருக்குங்கண்ணே. அதனாலதான் சீட்டுக்குன்னு எதுவும் கழிக்கல. டயர் நாலும் 2019. ஏத்தத்துல கிளட்ச் வழுக்குனத நீங்களும் பாத்தீங்க."

"எது எப்படியோ, அஞ்சு லட்சத்துக்குக் கீழ நான் எறங்க மாட்டேன்."

"சரிங்கண்ணே. டயரு, கிளட்ச், இன்சூரன்ஸ் மூணையும் நீங்களே பாத்து முடிச்சுக் குடுங்க. அந்த அஞ்சு லட்சத்த நான் அப்படியே தர்றேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். விற்பவர் சொன்ன விலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மரியாதை காப்பாற்றப்பட்டது. மூன்று வேலைகளின் மதிப்பு 80,000. அவை முடிந்த வண்டிக்கு உங்கள் கணக்குப்படி நியாய விலை 5,20,000. நீங்கள் ஐந்து லட்சம் தருகிறீர்கள். பழக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு அந்த வேலை மலிவாக முடியலாம். விலை நகராத இடத்தில் வேலையை நகர்த்துங்கள்.

"இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட நிக்குது" என்று சொன்னால் பதற வேண்டாம். "நல்லதுங்கண்ணே, அது அமையலேன்னா கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காலமும் ஒரு காரணம்தான். கோடை விடுமுறைக்கும் ஆடிப்பெருக்குக்கும் முன்னால் ஒகேனக்கல் பக்கம் வேனுக்குக் கிராக்கி. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். அப்போது விற்பவர் கை ஓங்கியிருக்கும். காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும் நாட்களில் வண்டிகள் ஸ்டாண்டில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. அந்த நேரத்தில் விற்க வருபவரிடம் விலை இறங்கும். ஆனால் ஒருவருடைய நெருக்கடியைக் கண்டு உங்கள் கணக்குக்கும் கீழே அடித்துக் கேட்காதீர்கள். நாளை உங்கள் வண்டியும் அதே ஸ்டாண்டில் நிற்கப் போகிறது.

7. அட்வான்ஸிலிருந்து பெயர் மாற்றம் வரை

விலை படிந்ததும் சிறு தொகை அட்வான்ஸ் கொடுத்து எழுதி வாங்குங்கள். வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், பேசிய விலை, விற்பவர் முடித்துத் தர வேண்டிய வேலைகள், முடிக்க வேண்டிய தேதி, நடக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தருவது எல்லாம் அதில் இருக்கட்டும். மீதியை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேராக ஃபைனான்ஸ் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்கு விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விற்பவர் இழுத்தால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. உடனே பெயர் மாற்றுவதில் உங்களைவிட அவருக்குத்தான் அவசரம் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, வண்டியோடு வராது. டி போர்டின் பெர்மிட்டும் தானாக மாறாது; தனியாக அனுமதி வாங்க வேண்டும். விற்றவரின் ஃபாஸ்டேக்கை நீக்கிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக ஒட்டுங்கள்.

பேசப் போகும் முன் ஒருமுறை பாருங்கள்

- இன்றைய புது விலை, ஐ.டி.வி., கைமாறும் விலை மூன்றும் எழுதியாயிற்றா?
- ஆர்.சி.யில் இருப்பவரே விற்கிறாரா? ஹெச்.பி., அபராதம், எஃப்.சி., வரி பார்த்தாயிற்றா?
- எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா?
- ஆறிய எஞ்சினில் முதல் ஸ்டார்ட், ஆள் ஏற்றி மலைச் சாலை, இரண்டும் முடிந்ததா?
- கழிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் காரணம் இருக்கிறதா?
- மேல் எல்லையை ஒருவரிடமாவது சொல்லியாயிற்றா?

ஆறுக்கும் ஆம் என்றால் மட்டும் பணத்தோடு கிளம்புங்கள். ஒன்று குறைந்தாலும், அது முடியும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.